சிமெண்டுடன் சேரும் நிலக்கரிச் சாம்பல்

ஊராட்சிகளில் வடிகாலும் சிறுபாலமும் கட்டுவிக்கும் அங்கத்தினர்கள், சிமெண்டில் சேரும் சாம்பலைப்பற்றி அறிந்திருத்தல் நலம். அனல் மின் நிலையங்களில் நிலக்கரி எரியும்போது புகையோடு எழும் நுண்ணிய சாம்பல் இது. பட்டாபிராம் பகுதியினராகிய நமக்கு அணித்தே, அத்திப்பட்டிலுள்ள வட சென்னை அனல் மின் நிலையத்தில் இது கழிவாகக் கிடைக்கிறது.

சிமெண்டு நீருடன் சேர்ந்து இறுகும்போது சிறிது சுண்ணாம்பு பிரிகிறது. சாம்பலிலுள்ள மணற்சத்து அச்சுண்ணாம்புடன் கூடிப் பிணைக்கும் பொருளாகிறது. நம் முன்னோர் சுண்ணாம்புச் சாந்தில் செங்கற்பொடி கலந்ததும் இம்முறை பற்றியே. 1962இல் நிறைவுற்ற ரிஹாந்து அணையிலும் சிமெண்டில் ஒரு பகுதிக்குப் பதிலாக இச்சாம்பல் இடப்பட்டது.

பி.பி.சி. என்று குறித்த சிமெண்டு மூட்டைகளில், நிலக்கரிச் சாம்பல் 15 முதல் 35 விழுக்காடுவரை ஆலையிலேயே சேர்க்கப்படுகிறது. வேலையிடத்தில் மேலும் சாம்பல் கலந்தால் வலிமை குன்றும். அடுப்புச் சாம்பலும் சூளைச் சாம்பலும் இதற்கு ஈடாகமாட்டா.

இச்சிமெண்டு இட்ட காங்கிரீட்டு முதலில் மெல்ல இறுகும். நாளடைவில் நீர் எளிதில் புகாத உறுதியைப் பெறும். அதற்கு ஈரம் இன்றியமையாதது. ஆகவே, சாக்கு போர்த்தி 10 நாட்களேனும், கோடையில் 14 நாட்களும் நீராற்ற வேண்டும். ஏழாம் நாளே நீரை நிறுத்தினால் மேற்பரப்பு வலுவற்று வெடிக்கும். ஊர்ப் பணம் வீணாகும். ஒப்பந்தக்காரர் நாள்தோறும் நீராற்றுகிறாரா என்பதை அங்கத்தினர் நேரிற்சென்று கவனிப்பாராக.