இழைப்பலகையை ஈரத்தினின்று காத்தல்

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் முன்னாளில் கதவும் நிலையும் பெட்டியும் தேக்கு, வேம்பு முதலிய மரங்களால் அமைந்தன. இன்று விலை மலிவு கருதி, எம்.டி.எஃப். எனப்படும் இழைப்பலகை நமது இல்லங்களிலும் பஞ்சாயத்துக் கட்டடங்களிலும் அலமாரியாக இடம்பெற்று வருகிறது. இப்பலகைக்கு நீரே பெரும் பகை. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஆற்றோர ஊர்கள் பல வெள்ளத்தில் மூழ்கின. இத்தகைய பகுதியில் வாழும் நாம் இப்பலகையின் இயல்பை அறிந்திருத்தல் அவசியம்.

மரத்தை நுண்ணிய இழைகளாக்கி, பிசின் கலந்து, சூட்டில் அழுத்தியே இதனைச் செய்கின்றனர். மேற்பரப்பு இறுக்கமானது, அறுத்த ஓரமோ நெகிழ்ந்தது. ஆகையால் ஓரத்தின் வழியே நீர் விரைவில் உட்புகும். ஒருமுறை ஊதிய பலகை, உலர்ந்த பின்னும் பழைய நிலைக்குத் திரும்பாது.

வேலை முறை வருமாறு:

1. அறுத்தலையும் துளையிடுதலையும் முதலில் முடித்துவிட வேண்டும். இதன் தூள் நுரையீரலுக்குத் தீங்கு. திறந்த வெளியில், முகக்கவசம் அணிந்து அறுப்பதே நலம்.

2. ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, மரப் பட்டியை மெல்லியதாக இட்டு, உலர்ந்தபின் மீண்டும் தேய்க்க வேண்டும்.

3. எண்ணெய்ச் சார்புள்ள மரப் பிரைமரை ஓரங்களில் இருமுறையும், பரப்பில் ஒருமுறையும் பூசுக. நீர் கலந்த பிரைமர் இழைகளை எழுப்பிவிடும்.

4. பின்புறம், அடிப்புறம், திருகாணித் துளை எதையும் விட்டுவிடலாகாது. ஒருபுறம் மட்டும் பூசினால் பலகை வளையக்கூடும்.

5. பிறகு எனாமல் பெயிண்ட் இருமுறை. ஒவ்வொரு பூச்சும் ஓர் இரவு முழுதும் உலர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூச்சு உலராது. ஆனி, ஆடி மேல்காற்றில் தூசி ஒட்டும். தை முதல் பங்குனி வரை ஏற்ற காலம்.

ஐயமுள்ளோர் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரு துண்டுகளை எடுத்து, ஒன்றினை மட்டும் முழுதும் பூசி உலர்த்தி, இரண்டையும் ஒருநாள் நீரில் இடுக. வேற்றுமை கண்கூடாகத் தெரியும்.

எனினும், பூச்சு ஈரக்கசிவையும் தெறிக்கும் நீரையும் தடுக்குமேயன்றி, தேங்கி நிற்கும் வெள்ளத்தைத் தடுக்காது. ஆதலின் அலமாரியைச் சுவரினின்று சற்று விலக்கி, கல் அல்லது செங்கல் மேடைமீது வைத்தல் வேண்டும். வெள்ளம் புகும் ஊர்களில் வரிப் பதிவேடுகளையும் நூலக நூல்களையும் கீழ்த்தட்டில் வைக்கலாகாது. அங்கே கடப்பைக்கல் தட்டுகளே சிறந்தவை.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அலமாரிக்கு ஒப்பந்தம் கோரும்போது, ஐ.எஸ். 12406 என்னும் தரத்தையும், ஈரந்தாங்கும் வகையையும், எல்லா ஓரங்களிலும் பூச்சு என்பதையும் எழுத்தில் குறிப்பிட வேண்டும். பொருளைப் பெறுமுன் அடிப்புறத்தைக் கவிழ்த்துப் பார்ப்பது கடமை. பொதுப்பணம் மழைநீரில் ஊறிப் போகாமல் காப்பதும் கிராம சேவையே.