தேசிய இணையவாயிலும் குடும்ப அட்டையும்
புனே மாவட்டத்து ரஞ்சன்காவ் தொழிற்பேட்டைக்குப் பணிதேடி வரும் தமிழர்க்கு எழும் முதல் ஐயங்களுள் ஒன்று: ஊரில் பெற்ற குடும்ப அட்டைக்கு இங்கே அரிசி கிடைக்குமா?

விடை காண உதவுவது இந்திய தேசிய இணையவாயில். தேசியத் தகவலியல் மையம் 2005 நவம்பரில் தொடங்கிய இத்தளம், மத்திய, மாநில அரசுகளின் தகவல்களை ஓரிடத்தில் திரட்டித் தருகிறது. முகவரி 'ஜிஓவி டாட் இன்' என முடிகிறதா என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். அவ்வீறு அரசுக்கே உரியது. போலித் தளங்களும் உண்டல்லவா!

'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபர் 1 அன்று இணைந்தது. ஆதார் இணைக்கப்பட்ட முன்னுரிமை அட்டையும் அந்தியோதயா அட்டையும் உடையோர், விரல்ரேகை பதித்து மகாராட்டிர நியாயவிலைக் கடையிலும் தானியம் பெறலாம். முன்னுரிமையற்ற அட்டைக்குத் தமிழ்நாட்டில் அரிசி உண்டு; இங்கே இல்லை. அட்டையில் 'பிஎச்எச்' எனும் எழுத்துகள் மட்டும் இருந்தால் முன்னுரிமை அட்டை. அவற்றின் முன் 'என்' சேர்ந்திருந்தால் முன்னுரிமையற்றது.