துயர்க் காலத்தில் எந்நூலை ஓதுவது?



திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலை, ரயில்வேப் பணிமனையை மையமாகக் கொண்டு வளர்ந்த ஊர். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920-களின் பிற்பகுதியில் நாகப்பட்டினத்திலிருந்து இங்கு மாற்றப்பட்ட பின்னர், பல மாவட்டத்தாரும் உத்தியோகத்தின் பொருட்டு இங்கு குடியேறினர். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த என் தந்தையாரும் அவ்வாறு வந்தவரே. சொந்த ஊரில் தெருக்கோடியில் ஜினாலயம் இருந்தது. இங்கோ காலையில் பணிமனைச் சங்கொலிதான். ஊரிலிருந்து அவர் கொணர்ந்த அறச்செல்வம், ஒரு தகரப் பெட்டியில் அடங்கிய சில நூல்களே.

பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டு அவர் கடும் நோயுற்றார். பார்க்க வந்த உறவினர் ஒருவர், நல்லெண்ணத்துடன், நரக வேதனைகளையும் தீவினைப் பயன்களையும் விரித்துரைக்கும் நூலொன்றைக் கொணர்ந்து, அருகிலிருந்து படித்தார். இரண்டு பக்கம் கேட்ட தந்தையார், "நான் என்ன பாவம் செய்தேன் என்று தேடச் சொல்கிறாயா, அப்பா?" என்று கூறிச் சுவர்ப்புறம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றிரவு அன்னையார் தகரப் பெட்டியைத் திறந்து, அட்டை கிழிந்த திருநூற்றந்தாதியை எடுத்து மெல்ல ஓதினார். நான்காம் பாடலில் தந்தையாரின் உதடுகளும் உடன் அசைந்தன. இளமையில் அவர் மனனம் செய்த நூல் அது.

உறவினர் கொணர்ந்ததும் அறநூல். அன்னையார் எடுத்ததும் அறநூல். ஒன்று வருத்தியதும் மற்றொன்று ஆற்றியதும் ஏன்? இதனை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

நால்வகைத் துயர்ச் சிந்தனை

உமாசுவாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தில் தியானத்தை ஆர்த்தம், ரௌத்திரம், தர்மம், சுக்கிலம் என நான்காக வகுத்துள்ளார். துயரில் உழலும் மனத்தின் நிலை ஆர்த்த தியானம் எனப்படும். அதுவும் நால்வகைத்து. விரும்பாதது வந்து சேர்ந்ததால் வருந்துவது ஒன்று. விரும்பியது பிரிந்ததால் ஏங்குவது இரண்டு. நோயின் வேதனையையே எண்ணிக்கொண்டிருப்பது மூன்று. இனி வேண்டும் இன்பத்தை எண்ணி ஏங்குவது நான்கு. இதற்கு நிதானம் என்று பெயர். நாம் பேச்சு வழக்கில் அமைதிக்கு வழங்கும் நிதானம் என்னும் சொல், ஆகமத்தில் அமைதியின்மைக்குப் பெயராக நிற்பதைக் கவனிக்க வேண்டும்.

மருந்து நோயறிந்து கொடுக்கப்படுவது போல, நூலும் துயரின் வகையறிந்து எடுக்கப்பட வேண்டும்.

மேலதிகாரியின் கடுஞ்சொல், பங்காளிச் சண்டை, அண்டை வீட்டாரின் பகை ஆகியவை முதல் வகை. இவற்றால் கொதிக்கும் மனத்துக்கு நாலடியாரின் சினமின்மை, பொறையுடைமை ஆகிய அதிகாரங்கள் ஏற்றவை. ஒவ்வொன்றிலும் பத்துப் பாடல்களே உள்ளன. உறங்கச் செல்லுமுன் ஓர் அதிகாரத்தை ஓதி முடிக்கலாம்.

பிரிவுத் துயருக்கு நிலையாமை கூறும் நூலே உகந்தது எனப் பலரும் கருதுகின்றனர். நாலடியார் நிலையாமை பற்றிய மூன்று அதிகாரங்களுடன்தான் தொடங்குகிறது. ஆயினும் இழவு நேர்ந்த வீட்டில் முதல் நாளே அதனை ஓதுதல், புண்ணின் மேல் கோலூன்றுவது போலாகும். அழுகை அடங்கும் வரை தோத்திர நூல்களே தக்கவை. மயிலாப்பூர் நேமிநாதரைப் போற்றி அவிரோதி ஆழ்வார் இயற்றிய திருநூற்றந்தாதியில், ஒரு பாடலின் முடிவே அடுத்த பாடலின் தொடக்கம். சிதறும் மனத்துக்கு அத்தொடர்ச்சி பிடித்து நடக்கும் கைப்பிடி போன்றது. நிலையாமை கூறும் நூல்களைச் சில மாதங்கள் கழித்து எடுக்கலாம்.

நோயுற்றார்க்குப் படிப்பு வேண்டியதில்லை, கேள்வி போதும். சீவகசிந்தாமணியில், அடிபட்டு உயிர் துறக்கும் நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். அந்த நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகிறது. நாய்க்குச் சீவகன் வினைக் கொள்கையை விளக்கவில்லை. அதன் முற்பிறப்புப் பிழைகளை எடுத்துக் காட்டவும் இல்லை. அருகில் அமர்ந்தான், செவியில் ஓதினான். நோயாளியின் அருகிருப்போர் கைக்கொள்ள வேண்டிய முறை இதுவே.

தேர்வு முடிவு, வேலை, மகளின் திருமணம் என வருங்காலத்தை எண்ணித் தவிப்போர்க்குச் சிந்தாமணியின் கதையையே கூறலாம். சுடுகாட்டில் பிறந்த குழந்தை அரசாள்கிறது; ஆண்ட அரசையும் பின்னர் துறக்கிறது. ஒரு நாளின் நிலையைக் கொண்டு வாழ்வு முழுவதையும் கணிக்கலாகாது என்பதை இக்கதை அறிவுரை கூறாமலே உணர்த்துகிறது.

ஓதும் முறை

நம் மலைக்கோட்டையிலும், புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலிலும் சமண முனிவர்கள் தங்கிய கற்படுக்கைகள் உள்ளன. முனிவர்க்கு விதிக்கப்பட்ட அகத்தவம் ஆறனுள் ஒன்று சுவாத்தியாயம். இல்லறத்தாரின் அன்றாடக் கடமைகள் ஆறனுள்ளும் அது ஒன்றாகும். படித்தல், வினவுதல், சிந்தித்தல், பிழையற மீண்டும் மீண்டும் ஓதுதல், பிறர்க்கு எடுத்துரைத்தல் என அதற்கு ஐந்து அங்கங்கள் உண்டு.

இவ்வைந்தும் எக்காலத்தும் ஒருசேர இயல்வதில்லை. கலங்கிய மனம் புதிய நூலைப் படிக்க மறுக்கும். ஐயம் எழுப்பி வினவும் வலிமையும் அதற்கு இராது. பிறர்க்கு எடுத்துரைப்பதோ இயலாதது. அப்போது எளிதாக நிற்பது ஆம்னாயம் எனப்படும் ஓதுதல் ஒன்றே. ஆனால் முன்பே பயின்ற நூலைத்தான் அவ்வாறு ஓத முடியும். எனவே துயர்க் காலத்துக்குரிய நூலை நலமாயிருக்கும் காலத்திலேயே தேர்ந்து பழகிக்கொள்ள வேண்டும். தந்தையாரை ஆற்றியது, அவர் இளமையில் பயின்ற நூல் அல்லவா?

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். 1880-ஆம் ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்ட பின்னர், உ.வே. சாமிநாதையர் சிந்தாமணியை ஆராயத் தொடங்கினார். ஐயங்களைத் தெளிவதற்குக் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடினார். ஒரு நாள் அவர் சென்ற இல்லம் கோலமும் மாவிலைத் தோரணமுமாக விளங்கிற்று. விசேஷம் யாதென வினவியபோது, அவ்வில்லத்தில் சிந்தாமணியைப் படித்து வந்தனர் என்றும், அன்று அது நிறைவெய்திற்று என்றும் அறிந்து அவர் வியந்தார். அவர் 1887-இல் அந்நூலை அச்சில் வெளியிட்டார். அதற்கு முன்னரே ஏட்டுச்சுவடியாய் அது சமண இல்லங்களில் ஓதப்பட்டு வந்தது. ஒரு நூலை முடித்த நாளைத் திருநாளாகக் கொண்டாடிய குடும்பம், துன்பம் வந்த நாளில் நூலைத் தேடி அலைந்திராது.

நாம் செய்யத்தக்கவை

குடும்பத்துக்கென ஒரு நூலைத் தேர்ந்துகொள்ளுங்கள். சிறியதாகவும், பெரிய எழுத்தில் அச்சிட்டதாகவும் இருத்தல் நலம். நாளொன்றுக்கு ஐந்து பாடல்கள் போதும். ஆனால் வாய்விட்டு ஓதுங்கள். ஒருவர் ஓத மற்றவர் கேளுங்கள். ஓதும் வேளையில் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். கையில் நூல் இல்லாதோர் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் நாலடியாரையும் சிந்தாமணியையும் உரையுடன் காணலாம். துயருற்றவர் இல்லத்துக்கு நூல் கொண்டுசெல்வோர், அது அவரைக் குற்றஞ்சாட்டும் நூலா, அவருடன் அமரும் நூலா என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். மருந்தும் மருத்துவமும் வேண்டுமிடத்து அவற்றைத் தவிர்க்கலாகாது. ஓதுதல் அவற்றுக்குத் துணையேயன்றி மாற்றன்று.

என் தந்தையார் அந்நோயினின்று மீளவில்லை. ஆயினும் இறுதி வாரங்களில், மாலை வேளை வந்ததும், "பெட்டியை எடு" என்று அவரே கேட்பார். வலி நீங்கவில்லை, வலியையே எண்ணிக்கொண்டிருந்த நிலை நீங்கிற்று. ஆர்த்த தியானம் தர்ம தியானமாக மாறும் என்று ஏட்டில் படித்ததை, எங்கள் வீட்டில் நாங்கள் கண்ணாரக் கண்டோம்.

ஷட்கண்டாகமம் நிறைவெய்திய நாளாகப் போற்றப்படுவது ஸ்ருத பஞ்சமி. வரும் ஸ்ருத பஞ்சமியன்று உங்கள் இல்லத்து நூல்களை வெளியே எடுத்துத் தூசு தட்டுங்கள். அவற்றுள் ஒன்றைக் குடும்பத்தார் அனைவரும் கூடித் தேர்ந்து, அன்றே முதல் பாடலை ஓதத் தொடங்குங்கள்.

அறம் வளர்க! அமைதி நிலவுக!