பால்சமிக் கிளேஸ்: பாட்டில் வாங்கலாமா, வீட்டிலேயே காய்ச்சலாமா?

பாஸ்தா, சாலட், பனீர் கிரில்னு வீட்டிலேயே செய்ய ஆரம்பிச்சவங்க பலர் அடுத்து வாங்குவது, மேலே கோடு கோடாக ஊற்றும் அந்தக் கறுப்பு சாஸ். "வீட்டில் செஞ்சா எப்பவும் மலிவு" என்பது உண்மையா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதல்ல பொருளைப் புரிஞ்சுக்கணும். இத்தாலியின் மொடெனா பகுதி பால்சமிக் வினிகரில் இரண்டு முக்கிய ரகம். லேபிளில் 'டி.ஓ.பி.' இருந்தால், குறைந்தது 12 வருஷம் மரப்பீப்பாயில் இருந்த பாரம்பரிய ரகம். 100 மில்லி பாட்டிலில் வரும், விலையும் எக்கச்சக்கம். அது இயல்பிலேயே கெட்டியாக இருக்கும், அதை அடுப்பில் வைப்பது வீண் செலவு. 'ஐ.ஜி.பி.' என்பது குறைந்தது 60 நாள் மரக்கலனில் இருந்த அன்றாட ரகம். காய்ச்ச இதுவே போதும். கடை கிளேஸில் இதோடு பெரும்பாலும் குளுக்கோஸ் சிரப், ஸ்டார்ச் எல்லாம் சேரும். பொருட்கள் பட்டியலில் எது முதலில் இருக்கோ, அதுதான் அதிகம்.

இப்போ கணக்கு. விலைகள் உதாரணத்துக்குத்தான், உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க.

வினிகர்: 250 மில்லி, ₹400. காய்ச்சினால் பாதியாகும், அதாவது 125 மில்லி. ஒரு மில்லி ₹3.20.
கடை கிளேஸ்: 250 மில்லி, ₹500. ஒரு மில்லி ₹2.

கடைதான் மலிவு! சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: முழு பாட்டிலும் தீருமா? மாசம் 4 தடவை, தடவைக்கு 5 மில்லின்னா 20 மில்லி. பாட்டில் தீர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். பாதியில் சலிச்சுப்போய்த் தூக்கிப் போட்டால், நீங்க சாப்பிட்ட ஒவ்வொரு மில்லியும் ₹4. இந்த விலையில் சுமார் 156 மில்லிக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட 8 மாசம் விடாமல் பயன்படுத்தினால்தான் கடை கிளேஸ் லாபம்.

குறைவாகப் பயன்படுத்துறவங்க வினிகரில் 100 மில்லி மட்டும் காய்ச்சுங்க, ₹160தான் ஆகும். மிச்சம் சாலட் டிரஸ்ஸிங்குக்கும் மேரினேட் பண்ணவும் உதவும். வினிகரை எப்ப வேணும்னாலும் கிளேஸ் ஆக்கலாம்; கிளேஸைத் திரும்ப வினிகர் ஆக்க முடியாது. எமர்ஜென்சி ஃபண்டைக் கையில் எடுக்கிற மாதிரி வைக்கச் சொல்றதும் இதே காரணத்துக்குத்தான்.

செய்முறை ரொம்ப எளிது. அலுமினியம் வேண்டாம், ஸ்டீல் பாத்திரம் எடுங்க. எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்க, ஆவி மூக்கை எரிக்கும். சிறு தீயில் கிளறிக்கிட்டே பாதியாகும் வரை வைங்க. புளிப்பு தூக்கலாக இருந்தால் ஒரு ஸ்பூன் நாட்டுச்சர்க்கரை சேர்க்கலாம். கரண்டியின் பின்புறத்தில் ஒட்டினால் இறக்கிடுங்க. ஆறினதும் இன்னும் கெட்டியாகும். சூட்டிலேயே தேன் பதத்துக்குக் கொண்டுபோனால் கடைசியில் மிட்டாய்தான் மிஞ்சும். இறுகிட்டால் ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டுக் கலக்கலாம்.

அடுத்த தடவை கடையில் எதை எடுத்தாலும் இந்த ஒரு வகுத்தலைப் போடுங்க: கொடுத்த விலை ÷ உண்மையில் தீர்க்கப்போகும் அளவு. "பெரிய பாட்டில்தான் லாபம்" என்ற ஆஃபர் பலதும் இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகும்.