தரையில் படுத்தால் குளிராதா?

கேள்வி: கொரியத் தொடர்களில் பனி கொட்டும் நாளிலும் தரையில் மெல்லிய மெத்தை விரித்துப் படுக்கிறார்களே, குளிராதா? – ஒரு வாசகி, கரூர்

பதில்: குளிராது. அந்த வீட்டில் கதகதப்பான இடமே தரைதான். தரையைச் சூடாக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஓண்டோல் என்று பெயர். பழைய வீடுகளில் சமையலறை அடுப்பு, பக்கத்து அறையின் தரையைவிடத் தாழ்வாக இருக்கும். சோறு வேகும்போதே அனலும் புகையும் அந்த அறைக்கு அடியில் உள்ள கால்வாய்களில் ஓடி, எதிர்ப்பக்கப் புகைபோக்கி வழியே வெளியேறும். கால்வாய்களின் மேல் தட்டைக் கற்கள், களிமண் பூச்சு, அதன்மேல் எண்ணெய் ஊறிய காகிதம். கல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, அடுப்பு அணைந்த பிறகும் மெல்ல மெல்ல விடும். அடுப்பை ஒட்டிய பக்கம்தான் அதிகச் சூடு. அது வீட்டுப் பெரியவர்களின் இடம்.

காற்றைச் சூடாக்கும் ஹீட்டரில், சூடான காற்று மேலே ஏறிவிடும். கால் சில்லிட்டுக் கிடக்கும். சூடான தரை அப்படியல்ல. வெப்பக் கதிர்களை நேரே உடம்புக்கு அனுப்புகிறது. மார்கழிக் காலையில் காற்று குளிர்ந்தாலும் வெயிலில் நின்றால் உடம்பு காய்கிறதே, அதே கதை. சூடேற நேரமாகும் என்பது ஒரு குறை.

கொரியாவின் இன்றைய அடுக்ககங்களில் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன. இடையில் கரிக்கட்டி எரித்த காலத்தில், தரை விரிசல் வழியே கசிந்த கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே பலரைக் கொன்றது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதனால் ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் பூட்டிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கவே தூங்காதீர்கள்.