ஆற்று நீரும் ஆட்சி முறையும்

ஜனநாயகத்தில் எக்காரியமும் தாமதமாகின்றது, ஒருவர் கட்டளையிட மற்றவர் கீழ்ப்படிந்தால் நாடு விரைவில் முன்னேறும் என்று சொல்வோர் நம் கிராமங்களிலும் உண்டு. இக்கூற்றை நொய்யல் ஆற்றைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம்.

திருப்பூரில் பனியன் தொழில் பெருகியபோது சாயப் பட்டறைகளின் கழிவு நீர் நொய்யலில் கலந்தது. பாசனத்திற்கென 1992-ல் கட்டப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணையில் அக்கழிவே தேங்கிற்று. கிணறுகள் உவர்த்தன, நிலங்கள் கெட்டன. அணையைத் திறக்கும்படி கேட்க வேண்டிய குடியானவர்களே, திறக்க வேண்டாமென்று கேட்கும் நிலை வந்தது! அவர்கள் சங்கம் அமைத்துச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினர். கழிவு நீர் சிறிதும் ஆற்றில் விழலாகாது என்று 2006-ல் உத்தரவாயிற்று. அது நிறைவேறாமையால், 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. தொழிலாளர் பலர் வேலையிழந்தனர், அதையும் மறைத்தலாகாது. பின்னர், நீரைச் சுத்தி செய்து மீண்டும் பயன்படுத்தும் பொது நிலையங்களுக்குச் சர்க்கார் கடனுதவி அளிக்க, தொழில் மீண்டெழுந்தது. ஆறு முற்றும் தூய்மையாயிற்று என்று இன்றும் சொல்வதற்கில்லை. அணை கட்டியது முதல் 19 ஆண்டுகள், இத்தாமதம் வெட்கத்திற்குரியதே.

கட்டளை ஆட்சியில் நடந்தது என்ன? அதுவும் பருத்தியைப் பற்றிய செய்தியே. மத்திய ஆசியாவில் பருத்தியைப் பெருக்க, சோவியத் அரசு 1960-களில் அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் நீரைப் பேரளவில் வாய்க்கால்களில் திருப்பிற்று. பருத்தி விளைந்தது. ஆனால் உலகின் 4-வது பெரிய ஏரியாகிய ஆரல் வற்றத் தொடங்கிற்று. மீன்பிடித் துறையாகிய முய்னாக்கை விட்டுக் கரை பல மைல் விலகிற்று. வறண்ட ஏரிப் படுகையின் உப்பும் பூச்சி மருந்தும் காற்றில் பறந்து வயல்களைக் கெடுத்தன, மக்கள் நோயுற்றனர். மேலிடத்தின் திட்டத்தை எதிர்த்து வழக்கிட அங்கே வழியில்லை. எழுதப் பத்திரிகையும் இல்லை. 1980-களின் பிற்பகுதியில்தான் வெளிப்படையாகப் பேச முடிந்தது. அதற்குள் ஏரி நீரில் பாதிக்கு மேல் போய்விட்டது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனைத் தம் ஊரளவில் எண்ணிப் பார்க்க வேண்டும். 2016 முதல் 2019 வரை நம் மாநிலத்தில் ஊராட்சித் தேர்தல் நடைபெறாது, தனி அலுவலர்களே நிர்வாகம் நடத்தினர். அலுவலர் எவ்வளவு நல்லவராயினும் மாற்றலாகிப் போகக் கூடியவர். வார்டு உறுப்பினரோ அதே கிணற்று நீரைக் குடிப்பவர். மறுநாள் காலையில் டீக்கடையில் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

2022 முதல் உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22 அன்றும் கிராம சபை கூட்ட விதி செய்யப்பட்டுள்ளது. அன்று கிணற்று நீரை ஒரு பாட்டிலில் கொண்டு வந்து சபையில் வையுங்கள். அதைச் சோதனைக்கு அனுப்பத் தீர்மானம் இயற்றி, தேதியுடன் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பிற்காலத்தில் கோர்ட்டுக்குப் போக நேர்ந்தால், அந்தப் பக்கத்தை ஆதாரமாகக் காட்டலாம்.