சிவப்பு விளக்கு அணையவில்லையா?



ஒரு குழு கடனில் வாங்கிய காய்கறி பிக்கப் வண்டியில் போனேன். மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. "பல்பைக் கழட்டிட்டா சரியாப்போகும்னு மெக்கானிக் சொல்றார் மேடம்" என்றார் தலைவி. வண்டி ஓட்டியது அவர் மகன்!

சாவி போட்டதும் சில நொடி எரிந்து அணைந்தால் சரி. அணையாவிட்டால், வண்டி மோதும்போது ஏர்பேக் விரியாமல் போகலாம். பல்பைக் கழற்றுவது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைப்பது மாதிரி.

மோதலை உணர்வது சென்சார். வண்டியின் முன்பக்கம் இருப்பதால் சேறு, தண்ணீர் பட்டு அதன் கனெக்டரில் களிம்பு ஏறும். எலியும் ஒயரைக் கடிக்கும்.

என்ன செய்யணும்?

1. ஸ்கேனரில் கோளாறு எண்ணைப் பார்க்கணும். அது பழுதான இணைப்பைத்தான் காட்டும். சென்சார்தான் கெட்டது என்று அர்த்தமில்லை.
2. கை வைக்கும் முன் சாவியை அணைத்து, பேட்டரி ஒயரைக் கழற்றி, வண்டிப் புத்தகம் சொல்லும் நேரம் காத்திருக்கணும். ஏர்பேக் ஒயரில் டெஸ்ட் லைட் வைக்கவே கூடாது. பை வெடித்து விரியலாம்.
3. முதலில் கனெக்டரையும் ஒயரையும் பார்க்கணும். அவை நன்றாக இருந்தால்தான் சென்சாரைச் சந்தேகிக்கணும்.
4. அதே பாக எண் கொண்ட புதுச் சென்சாரை, அதே இடத்தில், அதே திசையில் பொருத்தணும்.
5. கோளாறு எண்ணை அழித்தபின் விளக்கு தானாக அணையணும்.

பில்லையும் பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். சீட் பெல்ட்டை எப்போதும் போடச் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேச: நம் வண்டியில் அந்த விளக்கு அணைகிறதா?